சாக்கில் பழகிய நாய்க்குட்டி

சிதம்பரத்தில் மாடிப் போர்ஷன். கணவர் துபாயில். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். எங்களுக்குள் பேச்சென்றால் "சாப்டியா", "சாப்ட்டேன் அத்தை", அவ்வளவுதான். சண்டைகூடக் கிடையாது. அந்த மௌனம் தாங்க முடியாமல்தான் புவனகிரியில் தோழி வீட்டிலிருந்து அந்தக் கறுப்புக் குட்டியைத் தூக்கி வந்தேன்.

கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார். "வளக்கறது ஒங்க இஷ்டம். கீழ ஒரு சொட்டு சிந்திச்சின்னா அன்னிக்கே அத அனுப்பிடணும்."

அப்புறம் எனக்கேது நிம்மதி! குட்டி தரையை மோந்துகொண்டு ஒரு சுற்று சுற்றினால் போதும், வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடுவேன். பாதிப் படியிலேயே என் நைட்டி நனைந்துவிடும். கணவர் போன் செய்தால், "இருங்க, சுத்துது" என்று வைத்துவிடுவேன். பாவம் மனுஷன், எனக்குத்தான் தலை சுற்றுகிறதென்று பயந்து மறுபடி மறுபடி கூப்பிடுவார். அதற்கும் எரிந்து விழுவேன்.

குளியலறைப் பக்கம் செய்தித்தாள் விரித்துப் பழக்கப் பார்த்தேன். தாளில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் மாமியார். விடுவாரா?

"அடிப்பாவி! சரஸ்வதி மேலயா ஒன்னுக்கு வுடச் சொல்ற?"

தாளைப் பிடுங்கிப் பரணில் போட்டார். பழைய அரிசிச் சாக்கு ஒன்றைத் தானே கிழித்து விரித்தார். எனக்குக் கோபமான கோபம். ஆனால் குட்டிக்குச் சாக்கு பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாளில், எங்கே ஆடிக்கொண்டிருந்தாலும் ஓடிப்போய் அதன்மேல்தான் குந்தும். "பாத்தியா, நான் பழக்குன புள்ள" என்று மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று நாங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதைப் பற்றித்தான், வேறென்ன?

ஒரு மத்தியானம், கரண்ட் இல்லை. காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். குட்டி நழுவிக் கீழே இறங்கிவிட்டது. படிக்கட்டுக்கு அடியில், வீட்டுக்காரம்மாவின் நிலத்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகள். அத்தனையும் சாக்கு. ஒழுங்காகப் பழகிய நாய் என்ன செய்யும்? செய்துவிட்டது.

"வெதைக்கு வச்சிருந்த மல்லாட்டைமா இது!" வீட்டுக்காரம்மா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "சாயந்தரத்துக்குள்ள அது போயாவணும்!"

ஒயர் கூடையில் துண்டை விரித்துக் குட்டியை வைத்தேன். எடுத்தேன். திரும்ப வைத்தேன். அடுப்பில் சோறு தீய்ந்தது. மாமியார் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது சொல்லுங்களேன் அத்தை! சாக்க நீங்கதான போட்டீங்க!" என்று கத்தியே விட்டேன்.

அவர் கீழே இறங்கிப் போனார். நான் கூடையோடு மேல்படியில் நின்றேன்.

"இந்தாம்மா, நாங்க வேற வூடு பாத்துக்கறோம்" என்றது அவர் குரல்.

"ஒரு நாய்க்காகவா பெரிம்மா?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா.

"நாய்க்காக இல்ல. அது போயிட்டா எம் மருமவ பழையபடி எங்கூட பேசாம ஆயிடுவா. எனக்கு பயமா இருக்கு."

குட்டியைக் கூடையிலிருந்து எடுத்துக் கீழே விட்டேன். அழுகையை என்னால் அடக்க முடியவில்லை.