மடியில் ஒரு கால்

என் தோழி வீட்ஸ்கேயின் இடது காலை மடியில் வைத்துக்கொண்டு பதினொரு வருடம் பெஞ்சில் காத்திருந்தவள் நான். பயப்படாதீர்கள், செயற்கைக் கால்தான். சந்தையில் சீஸ் விற்கும் அவளுக்கு மோட்டார் சைக்கிள் விபத்தில் முட்டிக்குக் கீழே போய்விட்டது. அதற்காக அடங்கிவிட்டாளா? பிறந்தநாள் தவறாமல் எங்கள் ஊர்க் கேளிக்கைப் பூங்காவுக்குப் போய், அங்கிருக்கும் பழைய மர ரோலர் கோஸ்டரில் ஏறியே தீருவாள். கால் கழன்று பறந்துவிடும் என்பதால் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். வண்டி உச்சியில் நின்றுபோனால் படி வழியே இறக்கிவர ஒரு துணையும் கூடவே ஏற வேண்டும். துணை, அவள் தம்பி டௌவே. கால், என் பொறுப்பு.

நான் ஏறாததற்குக் காரணம் இதயக் கோளாறு. அதாவது, அப்படி ஒன்று இருப்பதாக முதல் வருடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். உயரம் என்றாலே பயம், ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் நான் ஏறியதே இல்லை. அதை வெளியே சொன்னால் மானம் போய்விடாதா? இதய நோயாளிகள் ஏறக்கூடாது என்று வாசலில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது வசதியாகப் போயிற்று. ஆனால் அந்தப் பொய்க்காக அவள் வீட்டில் கஃபீன் நீக்கிய காபியைத்தான் இத்தனை வருடமும் குடித்தேன். கர்மம், கழுநீர் தோற்றது.

இந்த அக்டோபரில் வசமாக மாட்டிக்கொண்டேன். ரோலர் கோஸ்டரை அந்த வாரத்தோடு பிரிக்கிறார்கள். டௌவேக்கோ முதல் நாள்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பூங்கா அலுவலகத்துப் பெண், எங்கள் ஊர் வழக்கப்படி பிறந்தநாள்காரியோடு கூட வந்த டௌவேக்கும் எனக்கும் சேர்த்தே கைகொடுத்து வாழ்த்தினாள். துணையில்லாமல் ஏற்ற முடியாது என்று வருத்தத்தோடு சொன்னாள்.

வீட்ஸ்கே சண்டை போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் போடவில்லை. "சரி விடுங்க, ஆப்பிள் கேக் சாப்பிடப் போலாம்," என்றாள். கண் மட்டும் ரோலர் கோஸ்டரை விட்டு நகரவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"எனக்கு இதயத்துல ஒண்ணும் இல்லடி," என்றேன். "பயம். வெறும் பயம். இத்தன வருஷமா உன்ன ஏமாத்திட்டேன்."

"தெரியும்டி மார்லூஸ். வண்டி நின்னதும் என் காலத் தூக்கிக்கிட்டு ரெண்டு ரெண்டு படியா தாவி ஓடி வருவியே, அது இதய நோயாளி பண்ற வேலையா?"

அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள். மாற்றுத் துணை என்ற இடத்தில் முதல் வருடத்திலிருந்தே என் பெயர் இருப்பதாகச் சொன்னாள்.

"நான்தான் குடுத்து வெச்சேன். நீயா வருவேன்னு பார்த்தேன்," என்றாள் வீட்ஸ்கே. "இவ்வளவு நாளாகும்னு நெனைக்கல."

வண்டி கடகடவென்று மேலேறியது. கீழே பெஞ்சில் டௌவே அவள் செயற்கைக் காலைத் தூக்கி ஆட்டினானாம். எனக்கெப்படித் தெரியும், நான் கண்ணைத் திறக்கவே இல்லை. வண்டி நின்ற பிறகும் நான் கம்பியை விடவில்லை. துணைக்குப் போன என்னை, பூங்காப் பெண் கொண்டுவந்து தந்த தன் காலை மாட்டிக்கொண்டு வீட்ஸ்கேதான் கைத்தாங்கலாகப் படியிறக்கினாள்.

சாயங்காலம் அவள் வீட்டில், கேட்காமலே கெட்டியான நிஜக் காபியை ஊற்றி என்முன் வைத்தாள்.

"அப்போ பொய்னு தெரிஞ்சேதான் அந்தக் கழுநீரக் குடுத்தியா?"

"பின்ன?" என்றாள். "இன்னியோட தண்டனை முடிஞ்சுது. குடி."