புள்ளி என்னைக் கடந்து போனது

என் மகள் மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறவள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் கலந்துகொள்ளும் போட்டியில் யாரும் யாருடனும் சேர்ந்து ஓட்டுவதில்லை. மாதத்துக்கு ஒரு பாதையைக் குறித்துவிடுவார்கள். அவரவருக்குத் தோதான நாளில் ஓட்டிக்கொள்ளலாம். கைபேசியில் இருக்கும் செயலி தொடக்கத்திலிருந்து முடிவு வரை நேரத்தைக் கணக்கிட்டுப் பட்டியல் போடும். இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் தனித்தனிப் பட்டியல்களும் உண்டு. சேலத்திலிருந்து எங்கள் மலைக்கு வந்து ஓட்டுகிறவர்களும் உண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே பொறாமையும் கேலியும் மாதம் முழுக்க நடக்கும்.

அந்த மாதப் பாதை, நாகலூருக்கு அந்தப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் மண்பாதையில் தொடங்கியது. பள்ளத்தில் இறங்கி, ஓடையைக் கடந்து, ஜீப் தடத்தில் ஏறி, நாகலூரில் தார்ச்சாலையைப் பிடித்து ஒண்டிக்கடைச் சந்திப்பில் முடிந்தது. இறக்கத்தில் என் மகளை மிஞ்ச ஆள் குறைவு. ஏற்றத்தில்தான் எல்லோரிடமும் தோற்பாள்.

தனியாகப் போவதென்றால் அவள் இருக்கும் இடம் என் கைபேசியில் தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒத்துக்கொண்டாள். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளியாக நகர்வாள். பதிலுக்கு, ஓட்டும்போது கூப்பிடக் கூடாது என்றாள். கைபேசி ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும், அழைப்பு வந்தால் பாதை தெரியும் திரை மறைந்துவிடும் என்று காரணம் சொன்னாள். நானும் ஒத்துக்கொண்டேன். அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. புள்ளி அங்கே நின்றுவிட்டு, பிறகு ஏற்றத்தில் திடீரென்று தோன்றும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. பிறகு பழகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குளுக்கோஸ் தண்ணீரோடு ஒண்டிக்கடையில் டீக்கடை வாசலில் காத்திருந்தேன். பள்ளத்தில் நின்ற புள்ளி வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. சிக்னல்தான் என்று சொல்லிக்கொண்டேன். கடைசியில் ஜீப் தடத்தில் புள்ளி தெரிந்தது. தெரிந்ததும் வேகமாக ஏறியது.

"ஏனுங்க டீச்சர், பாப்பா எங்க வருதுங்க?" என்று கேட்டார் டீக்கடை அக்கா.

"ஏத்தத்துல வர்றா. இன்னைக்கு என்னமோ பறக்கறா."

"நேத்து கறி எடுத்தீங்களாட்ட இருக்குது."

"முட்டைதாங்க்கா."

"அப்ப எங்க கடை போண்டாதானுங்க காரணம். வெளிய சொல்லீராதீங்க, கூட்டம் தாங்காது."

நான் சிரித்தேன். புள்ளி நாகலூரைத் தாண்டியது. முதல் தடவையாக ஜெயிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்பா சேலத்தில் வேலை செய்கிறார். அவருக்கு அதை உடனே தட்டச்சு செய்து அனுப்பியும்விட்டேன்.

புள்ளி சந்திப்பைத் தொட்டதும் நிமிர்ந்து பார்த்தேன். சைக்கிள் எதுவும் வரவில்லை. ஹார்ன் அடித்துக்கொண்டே ஒரு பிக்கப் வண்டி என்னைக் கடந்து போனது. பின்னால் காபிப்பழ மூட்டைகளுக்கு நடுவே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குனிந்து கைபேசியைப் பார்த்தேன். புள்ளி என்னைத் தாண்டிப் போயிருந்தது. மறுபடி வண்டியைப் பார்த்தபோதுதான் மூட்டைகளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த சைக்கிள் சக்கரம் கண்ணில் பட்டது.

புள்ளி ஆஸ்பத்திரியில் போய் நின்றது. அங்கே எப்படி ஓடினேன் என்று இப்போதும் சரியாக நினைவில்லை. வண்டியில் வந்த பெண்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"உசுருக்கு ஒண்ணுமில்லீங்க. சில்வர் ஓக் மரத்துச் சருகுல வழுக்கி உழுந்திருக்குதுங்க. நாங்க மேல பழம் பறிச்சுட்டிருந்தோம், சத்தமே கேக்கல. ஓடைக்குத் தண்ணி எடுக்கப் போனப்பத்தான் பாத்தோம். அம்மாவுக்குப் போன் போடட்டுமா கண்ணுன்னு கேட்டேன். வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிக்கறேன்னுச்சு. நீங்க வைவீங்கன்னு நொம்ப பயந்துச்சுங்க."

"சைக்கிள எதுக்குங்க ஏத்தினீங்க?"

"அத உட்டுட்டு வந்தா அப்பறம் யாருங்க பதில் சொல்றது? அடிபட்டவங்க பொருளு அவங்க கூடவே போகோணும்னு எஸ்டேட்டுல கணக்கு எழுதற எங்க ரைட்டர் சொல்லுவாருங்க. செல்லுல என்னமோ ஓடிட்டிருந்துச்சு. தொட்டுக் கெடுத்துறக் கூடாதுன்னு அப்படியே உட்டுட்டோம்."

காரை எலும்பு முறிந்திருந்தது. தலைக்கவசம் இரண்டாகப் பிளந்திருந்தது. தலைக்கு ஒன்றுமில்லை என்று சேலத்தில் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்.

மறுநாள் பார்த்தால், ஏற்றத்துக்கான பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. சேலத்துப் பையன் ஒருவன், "என்ன சாப்பிட்டு ஏறினீங்க, எனக்கும் கொஞ்சம் அனுப்புங்க" என்று கேட்டிருந்தான். இடது கையால் தடவித் தடவி "டீசல்" என்று பதில் போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்ததில் தோள் வலித்துக் கண்ணில் நீர் வந்தது. அந்த ஓட்டத்தை நீக்கிவிடும்படி என்னிடம் கைபேசியைக் கொடுத்தாள்.

நீக்குவதற்கு முன் அதைத் திறந்து பார்த்தேன். சிக்னல் இல்லாவிட்டாலும் செயலி எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது. வேகத்தைக் காட்டும் கோடு ஓடைக்கருகில் தரையோடு படிந்து வெகுதூரம் நேராகப் போனது. அவ்வளவு நேரமும் அவள் அங்கே தனியாகக் கிடந்திருக்கிறாள். நான் டீக்கடை வாசலில் குளுக்கோஸ் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தேன். நீக்கிவிட்டேன். ஆனாலும் அந்தக் கோடு இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது.

எலும்பு கூடிய பிறகு சைக்கிளை விற்றுவிடலாம் என்றார் அவள் அப்பா. அவள் தினமும் மற்றவர்களின் நேரங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "போ. ஆனா நான் நாகலூருக்கு பஸ்ல வந்து ஏத்தத்துல நிப்பேன்" என்றேன்.

"அம்மா, பாத்தா சிரிப்பாங்க."

"அந்தக் காட்டுல யாருடி இருக்கா சிரிக்க?"

போன ஞாயிறு போனேன். ஜீப் தடத்தின் மேல்முனையில் நின்றேன். கைபேசியை வெளியே எடுக்கவில்லை. கீழே பள்ளத்தில் எதுவும் தெரியவில்லை. இறங்கிப் போகலாம் என்று இரண்டடி வைத்தபோது சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. வளைவில் வந்தாள். முகமெல்லாம் சிவந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு வந்தாள். நான் தடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"வழி விடும்மா, டைம் ஓடுது."

காபிச் செடிகளோடு ஒட்டி நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனாள். மிகவும் மெதுவாகத்தான் ஏறினாள்.