இரத்தோட்டைக்கு மேலே, சன்னலோர மேசை

இரத்தோட்டையிலிருந்து மலையேறும் வழியில், பள்ளத்தின் விளிம்பில் ஒரு பலகைக் கடை. காட்சி பார்க்கவென்றே நானும் மனைவியும் சன்னலோர மேசையைப் பிடித்திருக்கிறோம். வெளியே வெறும் பனிமூட்டம். கடைக்கார நானா பிளேன்டீயை ஊற்றிவிட்டு, அடுப்படியில் நின்றே, "வந்து எடுத்துக்குங்க" என்கிறார். என்ன மிடுக்கு!

"இரிங்க தம்பி, மூட்டம் இப்ப கலஞ்சிரும்."

கலைகிறது. மலைக்குப் பின்னால் மலை, படிப்படியாக வயல், தீப்பெட்டி அளவில் ஒரு பஸ்! மனைவி கைதட்டுகிறாள். நான் குனிகிறேன். பலகை இடுக்கில், எங்கள் காலுக்குக் கீழே, மரங்களின் உச்சி தெரிகிறது. கடையின் இந்தப் பாதி இரண்டு கம்பங்களின் மேல் அந்தரத்தில் நிற்கிறது.

"நானா, இது தாங்குமா?"

"தாங்கும்னுதான் சொல்றாங்க. நான் அந்தப் பக்கம் வாறதே இல்ல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

"சிரிக்காதீங்க, ஆடுது!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு மனைவியும் சிரிக்கிறாள்.