பட்டனில் படிந்த பாலிஷ்

வண்டி கழுவும் அந்த வாட்டர் சர்வீஸில் எல்லோருக்கும் அவள் கோட்டக்கா. டயரின் பக்கவாட்டில் அவள் பூசும் பாலிஷ், ரிம் தொடங்கும் இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நின்றுவிடும். அதனால் வந்த பெயர். பதினொரு வருஷமாக அதே வேலை, அதே முழங்கால் வலி.

அவளுடைய சாமான் மொத்தமும் ஒரு பெயின்ட் டப்பாவில் அடங்கும். பழைய மெத்தையிலிருந்து, டயரின் வளைவுக்குப் பொருந்தும்படி பள்ளமாக வெட்டிய ஸ்பாஞ்சு. எழுத்துகளின் இடுக்குக்கு ஒரு ஷேவிங் பிரஷ். ரிம்மின் மேல் அணைத்துப் பிடிக்க, வாளியிலிருந்து பிறை மாதிரி அறுத்தெடுத்த பிளாஸ்டிக். துடைக்க ஒரு கிழிந்த பனியன். முதலில் டயரைத் தேய்த்துப் பழுப்பு நுரை வெள்ளையாகும்வரை கழுவுவாள். ஈரம் போகக் காயவிடுவாள். அப்புறம்தான் ஸ்பாஞ்சில் நாலு சொட்டு விட்டு மெல்லிசாக ஒரு பூச்சு. பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று. மிச்சத்தைப் பனியனால் ஒற்றி எடுத்துவிடுவாள். விட்டால் வண்டி ஓடும்போது தெறித்துக் கதவெல்லாம் கறுப்புப் புள்ளி. சாலையில் பதியும் பட்டன் பகுதியில் மட்டும் உயிரே போனாலும் பாலிஷ் படவிட மாட்டாள். கார் என்றால் பிரேக் போட்டதும் வழுக்கும். பைக் என்றால் ஆளையே தூக்கி அடிக்கும்.

அவள் புருஷன் அங்கேயே பம்ப் பிடிக்கிறவன். அவனுக்கு எதிலும் அவசரம். கை நீட்டுவதில் இன்னும் அவசரம். போன மாதம் சாப்பாடு ஆறிவிட்டது என்று அவள் தலையைக் கதவில் மோதினான். புருவத்தில் மூன்று தையல். "வேன் கதவு இடிச்சிருச்சு" என்று பட்டறையில் சொன்னாள். முதலாளியும் நம்பியதுபோலத் தலையாட்டிவைத்தார்.

அன்று மத்தியானம் அவள் பின்பக்கம் ஒரு வேனின் டயரை முடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மினி லாரி கேட்டை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. லாரியின் மேல் ஹேண்டில் முறுக்கிப்போன ஒரு பைக் கிடந்தது. இறங்கியவர்கள் அண்ணன் தம்பி இருவர். மூத்தவன் கையில் வீல் ஸ்பானர். முதல் வீச்சில் முதலாளி அறைக் கண்ணாடி நொறுங்கியது. அடுத்தது முதலாளியின் தோளில் விழுந்தது.

"காலைல இங்க கழுவின வண்டிடா! முதல் வளைவுலயே சறுக்கிட்டான். எங்க கடைக்குட்டி கால் ரெண்டு துண்டு! எவன்டா டயர்ல எண்ணெயப் பூசினது?"

முதலாளி தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் புருஷன், அந்தப் பம்புக்காரன்தான் முந்திக்கொண்டான்.

"டயர் வேலையெல்லாம் அவதாங்க. நான் தண்ணி மட்டும்தான் அடிப்பேன்." விரலையும் நீட்டினான்.

இளையவன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து லாரியை ஒட்டி இழுத்து வந்தான். போகிற போக்கில் பைக்கின் டயர் அவள் கண்ணில் பட்டது. வண்டி ஏற்றும் சிமென்ட் மேடையில் அவள் வலது கையை விரித்து வைத்து, மேலே பூட்ஸ் காலை ஊன்றினான். விரல்கள் நசுங்கின. அந்தக் கைதான் அவளுக்கும் அவள் மகளுக்கும் சோறு.

"அவனுக்கு ரெண்டு துண்டு. உனக்கு அஞ்சு விரலும்" என்று மூத்தவன் ஸ்பானரை ஓங்கினான்.

"அடிங்கண்ணே. அடிக்கிறதுக்கு முன்னாடி டயரைப் பாருங்க. பார்த்துட்டு அடிங்க."

"பார்க்க இதென்ன கண்காட்சியா?"

"இது நான் பூசினதில்ல. நான் ஸ்பாஞ்சுல தொட்டு வைக்கிறவ. இது ஸ்ப்ரே. ரிம்ல பாருங்க, கம்பியில பாருங்க, எல்லாம் பொட்டுப் பொட்டா இருக்கும். நின்ன வாக்குல அடிச்சிருக்காங்க, குனியக்கூட இல்ல. அதான் பட்டன்லயும் விழுந்திருக்கு. அந்த வேன் நான் முடிச்சது. ரெண்டையும் தொட்டுப் பாருங்க."

மூத்தவன் லாரியில் ஏறி பைக் டயரின் பட்டனில் விரலை வைத்தான். வழவழவென்று கறுப்பு. இறங்கி வேன் டயரைத் தடவினான். பக்கவாட்டு பளபளத்தது, பட்டன் காய்ந்து கிடந்தது. இரண்டு விரலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஸ்ப்ரே யார்கிட்ட இருக்கு?"

அவள் ஒரு நொடிதான் யோசித்தாள். பூட்ஸுக்குக் கீழே விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"அவர் இடுப்புல."

பம்புக்காரன் பெல்ட்டில் தொங்கிய பாட்டிலைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். சோப்புத் தரையில் நாலு எட்டு போவதற்குள் இளையவன் காலைத் தட்டிவிட்டான். முகம் தரையில் மோதி மூக்கு உடைந்தது. ஸ்பானர் அவன் வலது மணிக்கட்டில் இறங்கியது. இன்னொன்று முழங்கையில். எலும்பு முறிகிற சத்தம் மோட்டார் இரைச்சலையும் மீறிக் கேட்டது. நுரை சிவப்பாகி வாய்க்காலில் ஓடியது.

மூன்றாவது அடி தலைக்கு ஓங்கியபோது அவள் குறுக்கே வந்து நின்றாள். "போதும்ணே. இனிமே விழுந்தா கொலை. தம்பிய யார் பார்த்துக்கிறது?"

மூத்தவன் மூச்சு வாங்க அவளைப் பார்த்தான். ஸ்பானரை லாரிக்குள் எறிந்தான். லாரி வந்த வேகத்தில் திரும்பிப் போனது.

"காட்டிக்குடுத்துட்டியேடி!" பம்புக்காரன் இடது கையால் அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். அவள் தடுமாறி முழங்காலில் விழுந்தாள். "வீட்டுக்கு வா. இந்த ஒரு கை போதும்டி உனக்கு."

தண்ணீர் பீய்ச்சும் பம்பின் துப்பாக்கி பக்கத்திலேயே கிடந்தது. இடது கையால் எடுத்து அவன் நெஞ்சுக்கு நேராக விசையை அழுத்தினாள். தண்ணீர் அவனைப் புரட்டிப் புரட்டிச் சுவர்வரை தள்ளியது. சட்டை கிழிந்தது, தோல் உரிந்தது, அவன் வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தையைத் தண்ணீரே விழுங்கியது. முதலாளி தவழ்ந்து போய் மோட்டாரை நிறுத்தும்வரை அவள் விசையை விடவில்லை.

"அம்மா... புருஷன்மா" என்றார் முதலாளி.

"ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க முதலாளி. பொண்ணு ஸ்கூல் விட்டு வர்ற நேரம்."

அவள் புருஷன் பக்கத்தில் குனிந்தாள். அவன் முகத்தை மூடிக்கொண்டான். வீங்கிய தன் கையை அவன் பேன்ட் பையில் விட்டு வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு, கேட் இருந்த இடத்தைத் தாண்டி வெளியே நடந்தாள்.