பின்பாட்டுக்காரர் பிக்கப் பார்க்கப் போனது

பின்பாட்டு என்றுதான் ஊரில் அவரைக் கூப்பிடுவார்கள். அதற்காக மனிதர் பாடுவார் என்று நினைத்துவிடாதீர்கள்; அவர் பாடினால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விடும். பெயர் வந்த கதை வேறு.

அண்ணனும் தம்பியுமாக ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டடம் கட்டுகிற இடம், கரண்ட் போன தொழிற்சாலை, எங்கிருந்து போன் வந்தாலும் அந்த இரும்பு மலையை டிரெய்லரில் ஏற்றி, டீசல் பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணன் ஓட்டுவார். தம்பி பக்கத்து சீட்டு. இடம் வந்ததும் தம்பி இறங்கிப் பின்னால் போய் நின்றுகொண்டு, "வா, வா, வா, ஒடி, ஒடி, வா" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவார். உள்ளேயிருந்து அண்ணன், "வரேண்டா, வரேன்" என்பார். இருபது வருஷமாக இதே கத்தல், இதே பதில். டிரெய்லர் மாட்டிய வண்டியைப் பின்னால் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் டிரெய்லர் எதிர்ப்பக்கம் போகும். கொஞ்சம் அசந்தால் இரண்டும் மடங்கி முட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் பின்பாட்டு தேவைப்பட்டது, தம்பிக்குப் பெயரும் ஒட்டிக்கொண்டது.

போன வெயில் காலத்தில் ஒரு ஐஸ் தொழிற்சாலை வாசலில் அண்ணன் பாதி தூரம் பின்னால் வந்தார், நின்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "வா, வா. என்ன, தூங்கிட்டியா?" என்று தம்பி கத்தினார். ஒருதரம் இல்லை, தொண்டை வலிக்கிற வரை கத்தினார். முன்னால் போய்க் கதவைத் திறந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு. அந்த நிலைமையிலும் மனிதர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டிருந்தார். பின்னால் தம்பி நிற்கிறான் அல்லவா?

அன்றிலிருந்து பின்பாட்டுக்கு எதுவுமே உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை, சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூடத் தெரியவில்லை. போட்டதைத் தின்றார், கேட்டதற்குத் தலையாட்டினார். கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையாதவர்; அண்ணன் வீட்டு மாடி அறைதான் அவருக்கு வீடு. பழைய வண்டியை வாசலில் பார்க்கப் பார்க்க அண்ணிக்குப் பொறுக்கவில்லை. விற்றுவிட்டாள். ஜெனரேட்டர் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கியது. அதுதான் அந்த வீட்டின் சோறு. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். ஒரு குடோனில் காவல் வேலைக்குக் கூப்பிட்டார்கள், பின்பாட்டு அதற்கும் தலையாட்டிவிட்டார்.

அண்ணிதான் விடவில்லை. "முதல்ல ஒரு வண்டியைப் பாப்போம் தம்பி. உங்களால முடியும்னா தொழில் பண்ணுவோம். முடியலன்னா ஜெனரேட்டரையும் வித்துட்டு நீங்க குடோனுக்குப் போங்க. ரெண்டுல ஒண்ணு இன்னிக்குத் தெரியணும்" என்று கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

பழைய வண்டி வியாபாரியின் தகரக் கொட்டகைக்குள் நின்றது அந்த பிக்கப். பெரிய வண்டி, டீசல், பின்னால் தடித்த கொக்கி.

"தங்கமான வண்டிங்க. ஒரே ஓனர். டாக்டர் ஒருத்தர் வெச்சிருந்தாரு" என்றார் வியாபாரி.

"டாக்டருக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய கொக்கி? நோயாளியைக் கட்டி இழுத்துட்டு வரவா?" என்றாள் அண்ணி.

வியாபாரி சிரித்து மழுப்பினார். டாக்டர்கள் மட்டும் இல்லையென்றால் பழைய வண்டி விற்கிறவர்கள் எதைச் சொல்லிப் பிழைப்பார்களோ!

பின்பாட்டு நேராகப் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். அண்ணன் பழக்கிய பழக்கம். டீசல் வண்டியின் குணம் விடிகாலையில், ஆறிக் கிடக்கும்போதுதான் தெரியும் என்பார் அண்ணன். ஆள் வருவதற்கு முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். பானெட் சுட்டது.

"வெயிலுங்க" என்றார் வியாபாரி. கொட்டகைக்குள் என்ன வெயில்!

"ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு பின்பாட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வியாபாரிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

பெஞ்சில் அண்ணியும் வந்து உட்கார்ந்தாள். கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே, ஏற்கெனவே பலதரம் கேட்டதையே கேட்டாள்.

"அன்னிக்கு கடைசியா அவரு எதுவுமே பேசலையா தம்பி?"

"ஒண்ணும் பேசல அண்ணி."

"என்னைப் பத்தி வேணாம். சும்மா எதாச்சும்? தண்ணி குடுன்னாவது?"

"இல்ல அண்ணி."

அவர் பொய் சொல்லவில்லை. அண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் ஒரு வார்த்தையும் இல்லாமல் போய்விட்டான் என்பதுதான், அவன் போனதைவிட அவளை அரித்தது. அது பின்பாட்டுக்கும் தெரியும். தெரிந்து என்ன, அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பானெட் ஆறியது. சாவியைத் திருகினால் வண்டி இருமியது, முக்கியது, மூன்றாம் தரம்தான் கிளம்பியது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. பின்பாட்டு குனிந்து கேட்டார், ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார், சேசிஸைத் தட்டிப் பார்த்தார்.

"ஆறின இன்ஜினைச் சூடாக்கிக் கிளப்புற ஹீட்டர் பிளக் போயிருக்கு. அவ்வளவுதான். இன்ஜின் நல்லா இருக்கு" என்றார், யார் வீட்டு வண்டியையோ சொல்வதுபோல.

"டிரெய்லர் மாட்டிப் பின்னாடி எடுத்துப் பாக்கணும்" என்றாள் அண்ணி.

கொட்டகை மெக்கானிக் ஒரு காலி டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினார். "ஏறுங்க சார்" என்றார் வியாபாரி. பின்பாட்டு சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார், ஏறினார், கதவைச் சாத்திக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தார். வண்டி நகரவில்லை. ஏன் நகரவில்லை என்றும் அவருக்கு உறைக்கவில்லை.

"சார், அப்ப நான் ஓட்டணுமா?" என்று வியாபாரி சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. ஜன்னலருகே வந்து மெதுவாக, "தம்பி, அந்தப் பக்கம்" என்றாள்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பின்பாட்டு இறங்கினார். லைசென்ஸ் உண்டு, நெடுஞ்சாலையில் எத்தனையோ தரம் ஓட்டியவர்தான். ஆனால் டிரெய்லரோடு பின்னால் எடுத்ததில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டார். கண்ணாடியில் மெக்கானிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"வா, வா, வா."

கால் கிளட்சிலேயே இருந்தது. எழவில்லை.

"வாங்க சார். என்ன, தூங்கிட்டீங்களா?"

பின்பாட்டின் வாய் அதுபாட்டுக்குத் திறந்தது. "வரேண்டா, வரேன்" என்றது.

கால் எழுந்தது, வண்டி நகர்ந்தது. டிரெய்லர் கொஞ்சம் கோணி, பிறகு சொன்ன பேச்சு கேட்டுச் சுவரோரம் போய் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இழுத்த கை அப்படியே நின்றது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவருக்கு வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்தது.

இறங்கி அண்ணியிடம் வந்தார். "அண்ணி, பேசினாரு."

"என்ன?"

"அன்னிக்கு. நான் பின்னாடி நின்னு கத்தினேன். 'வரேண்டா, வரேன்'னாரு. அப்பறம்தான் நின்னுட்டாரு. தினமும் சொல்றதுதானே... அதை ஒரு பேச்சுன்னே நான் நினைக்கல, அண்ணி."

அண்ணி அவரையே பார்த்தாள். பிறகு அவள் முகம் கோணிக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் உடைந்தது. "சாப்பிடக் கூப்பிட்டாலும் அதேதான். 'வரேன், வரேன்'பாரு. சோறு ஆறிப்போகும், ஆள் வரமாட்டாரு."

வியாபாரிக்கு ஒன்றும் புரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "வண்டி பிடிக்கலீங்களா?" என்றார்.

அண்ணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஹீட்டர் பிளக்கை மாத்திக் குடுங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கறோம்" என்றாள். பின்பாட்டுப் பக்கம் திரும்பி, "பின்னாடி நின்னு எப்படிக் கத்தணும்னு எனக்குச் சொல்லிக் குடுங்க தம்பி" என்றாள்.