நந்தி கல்யாணம் பார்த்த மணிமொழி

மணிமொழி அக்காவின் குரல் கேட்டுத்தான் எங்கள் தெரு விழிக்கும். சின்ன வெங்காயம் பிடுங்கப் போகும் பன்னிரண்டு பெண்களை ஐந்து மணிக்கே எழுப்பி, சாமிதுரை அண்ணனின் லோடு ஆட்டோவில் ஏற்றுவது அவள் வேலை. அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருத்தி.

அவளுடைய அம்மா செல்லக்கண்ணு, பண்ணையார் வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கூட்டி வளர்ந்தவர். அவரைப் பதினைந்து வயதில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்; இப்போது அவர் இல்லை. அக்காவுக்கு எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. பதினேழில் கல்யாணம். இருபத்தைந்தில் புருஷன் போய்விட்டார். அப்போது வெற்றிச்செல்விக்கு மூன்று வயது. அந்தப் பிள்ளையை வெங்காயக் காட்டு வரப்பில் உட்காரவைத்தே வளர்த்து, பெரம்பலூரில் நர்ஸ் படிப்பு முடிக்க வைத்தாள்.

சாமிதுரை அண்ணனும் மனைவியை இழந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆட்டோவில் ஏறப்போன அக்காவிடம், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று நேராகவே கேட்டார்.

"எம் பொண்ணு கல்யாணம் முடியட்டும். அப்பறம் பாப்பம்."

பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு, வெற்றிச்செல்வி காதுக்குப் போகாமல் இருக்குமா?

இந்தப் பங்குனியில் அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சேர மூன்று வாரம் இருந்தது. கல்யாணப் பேச்சே இப்போது வேண்டாம் என்றாள். ஆனால் அம்மாவைத் தனியே விட்டுப்போகவும் மனசு வரவில்லை. வேலைக்குப் போவதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருந்தாள்.

அக்கா வேறு வழி பிடித்தாள். திருமழபாடிக் கோயிலில் பங்குனியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்தி கல்யாணம், பார்த்தவருக்குச் சீக்கிரமே கல்யாணம் கூடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எல்லோருமாக லோடு ஆட்டோவிலேயே போனோம். தாலி கட்டும் நேரம் வந்ததும் வெற்றிச்செல்வி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"கண்ணத் தொறடி."

"தூசி விழுந்துருச்சும்மா."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"ஆமா. சோடியா வந்து விழுந்துருச்சு."

கெட்டிமேளம் முழங்கியது. அக்கா மகளை விட்டுவிட்டு, நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டாள்.

திரும்பும்போது ஆட்டோவில் வெற்றிச்செல்வி கேட்டாள்: "ஏம்மா, நீ தாலி கட்டுனதப் பாத்தியா?"

"நல்லாவே பாத்தேன். நந்திக்குத் தலப்பா என்னா எடுப்பு!"

"நான் பாக்கல. அப்ப முந்தி உனக்குத்தான்."

எங்களோடு வெங்காயம் பிடுங்கும் ஜெயலட்சுமிதான் முதலில் வாய் திறந்தாள். "நாங்களுந்தான் பாத்தோம். எங்களுக்குக் கட்டுனவன் இருக்கான். மிச்சம் நீதாங்க்கா."

"இருக்கறவன சாமி மாத்திக் குடுக்குமான்னும் கேட்டுச் சொல்லுங்கடி" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"வாய மூடுங்கடி. ஊரு என்னா பேசும்?"

"ஊரு இந்த ஆட்டோவுலதாம்மா உக்காந்துருக்கு. கேளேன்."

அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"சாமி விஷயத்துல வெளையாடாத."

"நீதான நம்புற? பாத்தவளுக்கு நடக்காம, பாக்காதவளுக்கு நடந்தா நல்லாவா இருக்கும்?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "நீ தனியா கெடக்கறன்னு நெனச்சுக்கிட்டே அங்க போயி நான் எப்புடிம்மா அடுத்தவங்களுக்கு ஊசி போடுவேன்?"

ஆட்டோ வேகம் குறைந்திருந்ததை நான் கவனித்தேன். அண்ணன் காதைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் ஓட்டினார். அரியலூர் தாண்டியதும் அக்கா அவர் முதுகுப்பக்கத் தகரத்தைத் தட்டினாள்.

"ஏங்க, நீங்க பாத்தீங்களா?"

"வண்டி நிறுத்த எடம் கெடைக்கல. ஓடி வந்து கடைசியா நின்னுதான் பாத்தேன்."

"சிறுவாச்சூர் அம்மன் கோயில்ல வெள்ளி, திங்கதான் நடை தொறப்பாங்க" என்றாள் அக்கா. "எந்தக் கெழமை உங்களுக்குத் தோது?"

ஜெயலட்சுமி குலவை போட்டாள்.

அதிலிருந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் கூடினோம். அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. வெற்றிச்செல்வியின் பை கோயம்புத்தூர் போகத் தயாராக வீட்டில் இருந்தது. பூசாரி தாம்பூலத் தட்டை நீட்டி, "பொண்ணோட அம்மா யாரு? முன்னால வாங்க" என்றார்.

எங்கள் ஊரில் அந்த இடத்தில் மகள் நின்று நான் பார்த்ததில்லை. வெற்றிச்செல்வி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் போனாள்.

"நாந்தாங்க."

பூசாரி அவளையும் பார்த்தார், மணவறையில் இருந்த அக்காவையும் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தட்டைக் கொடுத்தார்.

மாலையும் கழுத்துமாக இருந்த அக்கா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தட்ட நேராப் புடிடி. பாக்கு உருளுது பாரு."