நூறு சிசி போதும் என்ற அண்ணி

மீன் எடை போடும் மிஷினின் தகட்டில், சங்கராவும் வஞ்சிரமும் கிடக்க வேண்டிய இடத்தில், ஒரு மோட்டார்சைக்கிளின் முன்பக்கத்து இரும்புக் கம்பி கிடந்தது. வண்டி கீழே விழுந்தால் இஞ்சினுக்கு அடிபடாமல் இருக்கப் பூட்டுகிற வளைந்த கம்பி அது. அதன் இடுக்குகளில் காய்ந்த செதில்கள் ஒட்டியிருந்தன. வீராம்பட்டினம் கடற்கரையில் காலை ஏலம் முடிந்து, வியாபாரிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என் அண்ணி புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கையில் ஸ்பானருடன் மிஷின் முன்னால் குந்தியிருந்தார். "மூணு கிலோ அறுநூறு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். கம்பியை எடுத்து மணலில் எறிந்துவிட்டு, அடுத்த சாமானைக் கழற்ற வண்டிப் பக்கம் திரும்பினார். பெரிய இஞ்சினா, குறைந்த எடையா என்று யாராவது என்னிடம் பேச்செடுத்தால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் காலைதான்.

அண்ணி கனகசெட்டிக்குளத்துப் பெண். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், மற்றப் பெண்களைப் போலவே அலுமினிய அன்னக்கூடையில் மீனை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். பஸ்காரர்கள் கூடையைப் பார்த்ததும் நிறுத்தாமல் போனார்கள். நிறுத்தினாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். ஒரு வருஷம் பொறுத்தார். பிறகு பழைய நூறு சிசி வண்டி ஒன்றை வாங்கி, எங்கள் கோயில் திடலில் பத்தே நாளில் ஓட்டப் பழகினார். ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாமே என்று ஊரே கேட்டது. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் கடற்கரை மணலைத் தாண்டி ரோட்டுக்கு ஏறாது என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். பெண்பிள்ளை மோட்டார்சைக்கிளில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காருவதுதான் அவர்களுக்கு உறுத்தல். அண்ணி உட்கார்ந்தார். வண்டியின் இரண்டு பக்கமும் ஐஸ் பெட்டிகளைத் தொங்கவிட்டு, அரியாங்குப்பம் பாலம் ஏறி முதலியார்பேட்டைக்குள் நுழைந்து, ஏழு தெருக்களைத் தன் தெருக்களாக ஆக்கிக்கொண்டார். அடுப்பில் குழம்பு கூட்டுவதற்குள் மீன் வாசலுக்கு வந்துவிட வேண்டும், அதுதான் அந்த வியாபாரத்தின் உயிர். எட்டு மணிக்கு வராத மீன்காரிக்காக எந்த வீடும் காத்திருக்காது.

என் அண்ணன் விசைப்படகில் போகிறவர். போனால் திரும்ப நாலைந்து நாள் ஆகும். அதனால் மனைவி வண்டி ஓட்டுவது அவர் கண்ணில் அதிகம் படவில்லை, பட்ட நாளிலும் கண்டுகொள்ளவில்லை. வண்டி வாங்கிய மூன்றாம் வருஷத்துக் கோடையில்தான் வம்பு வந்தது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகளெல்லாம் கட்டிக் கிடந்தன. சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் கடலுக்குப் போய் வந்ததால் கரையில் ஏலம் நடந்தது, அண்ணிக்கும் வேலை இருந்தது. அண்ணனுக்கு இல்லை. டீக்கடையில் யாரோ அவரைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். "பொண்டாட்டி வண்டி ஓட்றா, நீ வூட்ல குந்திக்கினு கீறியே" என்று கேட்டார்களாம். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "நான் ஓட்றேன், நீ பின்னாடி குந்து" என்று சாவியை வாங்கிக்கொண்டார். துணைக்கு வருகிறேன் என்று வேறு சொன்னார். மூன்று வருஷமாக இல்லாத ஆபத்து அந்தக் கோடையில் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் துணைக்கு வரத் தொடங்கிய நாள் முதல் வண்டி திணறியது. மணலில் புதைந்தது. பாலத்து ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறியது. எட்டு மணி எட்டரையாகி, எட்டரை ஒன்பதானது. அதே நேரத்தில் புது இருநூறு சிசி வண்டியில் வேறொருவர் முதலியார்பேட்டைக்கு மீன் கொண்டுவர ஆரம்பித்திருந்தார். அண்ணியின் தெருக்களில் ஒவ்வொரு வீடாகக் கழன்றது. அண்ணன் யோசித்தார். இஞ்சின் பத்தவில்லை என்று முடிவுக்கு வந்தார். கடலில் அவர் கண்டது அதுதானே. படகு பின்தங்கினால் பெரிய இஞ்சினைப் பூட்டு, காற்றுக்கு ஆடினால் அடியில் கனத்தைப் போடு. எங்கள் கரையில் எல்லா நோய்க்கும் அந்த இரண்டு மருந்துதான்.

என் பங்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் முதலியார்பேட்டையில் ஒரு வண்டி உதிரிபாகக் கடையில் கவுண்டரில் வேலை பார்த்தேன். காலை முதல் சாயங்காலம் வரை ஆண்கள் வந்து நின்று சிசி பேசுவார்கள். நூற்றைம்பதுக்காரர் நூறைப் பார்த்துச் சிரிப்பார், இருநூறுக்காரர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் அது வேதமாகிவிட்டது. அண்ணன் கடைக்கு வந்து கேட்டபோது, ஏதோ ரொம்பத் தெரிந்தவள் மாதிரி, "இந்த லோடுக்கு நூறு சிசி எப்படிண்ணே பத்தும்?" என்று சொன்னவள் நான்தான். அடுத்த வாரமே அவர் ஒரு பழைய இருநூறு சிசி வண்டியோடு வந்தார். அண்ணியின் நூறு சிசியை விற்றுக் கொடுக்கச் சொல்லி எங்கள் கடை வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். வாங்கி வந்த வண்டிக்குக் கனமான இரும்புச் சட்டம் அடித்து, அடியில் இன்னொரு பட்டையையும் சேர்த்து வெல்டிங் வைத்திருந்தார். காற்றுக்கு ஆடாமல் இருக்குமாம்.

அண்ணி அந்த வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். ஏறி உட்கார்ந்து பார்த்தார். கால் நுனிதான் தரையைத் தொட்டது. "எனக்கு நூறு சிசி போதும், இது வேணாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை.

பத்து நாள் கழித்து, படகின் அடிப்பலகைக்கு வேலை செய்ய ஆட்கள் வருகிறார்கள் என்று அண்ணன் துறைமுகத்துக்குப் போய்விட்டார். அண்ணி தனியாக அந்தப் பெரிய வண்டியை எடுத்தார். ஏலம் எடுத்த மீனைப் பெட்டிகளில் நிரப்பி, மணலில் கிளப்பியதும் பின்சக்கரம் சுழன்றது. முடுக்க முடுக்கக் குழி தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கியது. இஞ்சினுக்குப் பலம் இருந்தது, அந்தப் பலத்தால்தான் அது அவ்வளவு வேகமாகப் புதைந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது அண்ணியின் காலால் தாங்க முடியவில்லை. விழுந்தார், அவர் கணுக்கால் மேல் வண்டி கிடந்தது. மீனெல்லாம் மணலில் கொட்டியது. மூன்று ஆண்கள் சேர்ந்துதான் தூக்கினார்கள். தூக்கும்போது அவர்கள் சிரித்தார்கள் என்பதை அண்ணி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். கால் வலியைப் பற்றி ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்து வீங்கிய காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இனிமே நீ போவாத. ஏழு தெருவையும் என் கூட்டாளிகிட்ட குடுத்துட்றேன், அவன் பாத்துக்குவான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஏதோ உதவி செய்கிற குரலில் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த வீட்டில் முள் இல்லாத மீன் வேண்டும், எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை கதவைத் தட்டக்கூடாது, எந்த அம்மாவுக்குக் கண் தெரியாததால் மீனைக் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்ததை, அவர் கூட்டாளிக்குத் தூக்கிக் கொடுப்பாராம். மூன்றாம் நாள் அண்ணி நொண்டிக்கொண்டே எங்கள் கடைக்கு வந்தார். வாசலில் விலை போகாமல் நின்ற பழைய வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாவிய குடு பாப்பா" என்றார். நான் பதினான்காம் நம்பர் ஸ்பானரையும் சேர்த்துக் கொடுத்தேன். என் தப்புக்கு அந்த அளவுக்காவது செய்ய வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் முதலில் சொன்ன காலை. கடைக்கு விடுமுறை என்பதால் நானும் கரைக்குப் போயிருந்தேன். வியாபாரியிடம் கேட்டு எடை மிஷினை வாங்கி, அண்ணி அந்தப் பழைய நூறு சிசி வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். முன்கம்பி. புடவை சிக்காமல் இருக்கப் பூட்டிய பக்கக் கம்பி, அவர் புடவையைச் சொருகிக்கொண்டு ஓட்டுகிறவர், அது எதற்கு? பெட்டிகளைத் தாங்கிய இரும்புச் சட்டம் பதினைந்து கிலோவுக்கு மேல் காட்டியது. அதன் அடியில், துணைக்கு வந்த நாட்களில் அண்ணன் கட்டிவைத்திருந்த ஒரு சாக்கு மூட்டை வந்தது. அவிழ்த்தால் உள்ளே நைலான் கயிறு ஒரு சுருள், ஐந்து லிட்டர் பெட்ரோல் கேன், மாற்றுச் செயின், சுத்தியல், டார்ச் லைட். கடலுக்குப் போகிறவன் மாற்றுச் சாமான் இல்லாமல் கிளம்ப மாட்டான். அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி முதலியார்பேட்டை போவதற்கு அந்த ஏற்பாடு. கரையில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள், இந்த முறை அண்ணியைப் பார்த்து அல்ல. ஏலம் கூறுகிற பெரியவர், "இதையும் ஏலம் விட்றலாமா?" என்று கேட்டார்.

கூட்டத்தின் ஓரத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். யாரோ போய் அழைத்து வந்திருந்தார்கள். அண்ணி ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி கீது. நீங்க ஏறுங்க."

அண்ணன் அசையவில்லை. "என்னா வெளாட்டு இது?" என்றார்.

"ஏறுங்க. மூணு வருசமா இந்த வண்டி பாலம் ஏறுச்சு. நீங்க கூட வந்த அன்னிக்கிலேருந்துதான் ஏறல. எவ்ளோன்னு பாத்துடலாம்."

அவ்வளவு பேர் எதிரில் ஏறாமல் போனால் அதுவே பேச்சாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, ஏறினார். எண்பத்து மூன்று கிலோ. சட்டம், கம்பிகள், சாக்கு மூட்டை எல்லாம் சேர்த்தாலும் அதில் பாதிகூட வரவில்லை. அண்ணி எண்ணை உரக்கப் படிக்கவில்லை. படிக்க வேண்டிய தேவையும் இல்லை, சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. வியாபாரி வைத்திருந்த இரண்டு லேசான பிளாஸ்டிக் கூடைகளைக் கேட்டு வாங்கி, வண்டியின் பின்னால் கயிற்றால் கட்டினார். ஐஸைப் பாதியாகக் குறைத்தார், போகிற தூரத்துக்கு அது போதும். திங்கட்கிழமை தனியாகக் கிளம்பி ஏழரைக்கெல்லாம் முதல் தெருவில் நின்றார். ஏழு தெருக்களில் ஐந்து திரும்பி வந்தன. மற்ற இரண்டும் இருநூறு சிசிக்காரரோடு போனதுதான். அண்ணன் தடைக்காலம் முடிகிற வரை அண்ணியிடமும் பேசவில்லை, சாவி கொடுத்த என்னிடமும் பேசவில்லை.

பெரிய இஞ்சின் தேவையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடும்பத்தோடு சென்னைக்குப் போகிறவர் வாங்கட்டும். ஆனால் கவுண்டரில் நின்று இத்தனை வருஷம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இஞ்சினின் பலம் வண்டி ஓடும்போதுதான் கூட வரும். குறைந்த எடை, வண்டியைத் திருப்பும்போது, தள்ளும்போது, சந்தில் நிறுத்தும்போது, விழுந்தால் எடுக்கும்போது எல்லாம் கூட இருக்கும். இதைச் சொன்னால் இன்றைக்கும் கடைக்கு வருகிற ஆண்கள், பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்கிற மாதிரி சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

இப்போது அண்ணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பழைய வண்டி இனி ரிப்பேருக்கு அடங்காது என்றான பிறகு, போன மாதம் புது வண்டி வாங்கப் போனோம். சம்பாதிக்கத் தொடங்கிவிட்ட அவர் மகன், அம்மாவுக்குக் கௌரவமாக இருக்கட்டும் என்று நூற்றறுபது சிசி வண்டியைக் காட்டினான். ஷோரூம் வாசலில் அது ஓட்டிப் பார்க்க நின்றது. அண்ணி அதன் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, ஹேண்டிலைப் பிடித்தபடியே மெதுவாகத் தரையில் படுக்கப் போட்டார். ஷோரூம் பையன் பதறி ஓடி வந்தான். "இரு தம்பி, கைய வெக்காத" என்று அவனைத் தடுத்துவிட்டுத் தூக்கிப் பார்த்தார். பாதி எழும்பி மறுபடி படுத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த நூறு சிசியைச் சாய்த்தார். குந்தி, முதுகைக் கொடுத்து, ஒரு தம் பிடித்தார். வண்டி எழுந்து நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டே ஷோரூம் பையனிடம், "இத எழுதிக்கோ" என்றார்.

வண்டியை எடுக்கிற நாளில் அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் ஓட்டம் வீராம்பட்டினம் அம்மன் கோயிலுக்கு, குடும்பத் தலைவர் ஓட்ட, மனைவி பின்னால் உட்கார்ந்து போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அண்ணன் சாவிக்குக் கையை நீட்டினார். அண்ணி சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்து, கொஞ்சம் தள்ளி நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "நீங்க பஸ்ல வந்துடுங்க. கோயிலாண்ட நிக்கிறேன்" என்றார்.

நானும் அண்ணனும் பஸ்ஸுக்கு நின்றோம். இத்தனை வருஷம் கழித்து அவர் சிரித்தார், புரிந்துகொண்டார் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். அவர் கோபப்பட்டார், பஸ் வரும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். கோபப்படட்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணி கும்பிட்டு முடித்துவிட்டு, ஹேண்டிலில் மாலையோடு, வண்டி மேல் உட்கார்ந்திருந்தார்.